நேரே வருவது அக்காவுக்கு, திரும்புவது தங்கைக்கு

அந்த நாற்சந்தியில் ரோட்டைக் கடப்பதென்றால் எதிலும் நம்பிக்கை இல்லாதவன்கூட ஒரு நிமிஷம் எதையோ முணுமுணுத்துக்கொள்வான். சிக்னல் கிடையாது. இதோ வைக்கிறோம், அதோ வைக்கிறோம் என்று சொன்னவர்கள் அதைச் சொல்லியே மூன்று தேர்தல் ஜெயித்துவிட்டார்கள். வெள்ளைக்கோடு உண்டு. பெரிய ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நடுவில் இருக்கிற சிமென்ட் திட்டை மட்டும் விட்டுவிட்டு, வரிவரியாகப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பெயின்டை வீணாக்க மனமில்லாமல் யாரோ அடித்துவிட்டுப் போனது என்று வண்டிக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இந்தக் கரையில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில், ஒரு தையல் கடை. புதுத்துணி தைக்கிற கடை இல்லை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது, மெலிந்தவன் சட்டையைப் பிடிப்பது, பெருத்தவன் சட்டையைப் பிரிப்பது. கடையை நடத்தியவர்கள் அக்கா, தங்கை இருவர். ஊருக்கே அவர்கள் பெரியவள், சின்னவள்தான். பெரியவள் ஐம்பதைத் தொடப்போகிறாள். சின்னவளுக்கு அவளைவிட நாலு வயது குறைவு. பெரியவள் வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். கத்தரிக்கோலைச் சின்னவள் தொட்டதில்லை, மெஷின் மிதியில் பெரியவள் கால் வைத்ததில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஆக, தூங்குவதும் தைப்பதும் இந்தக் கரை. மார்க்கெட், பாங்கு, டாக்டர், பஸ் ஸ்டாப் என்று மிச்ச உலகம் முழுக்க அந்தக் கரை.

இருவரும் ரோட்டைக் கடப்பதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், ஏதோ சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று நினைப்பார்கள். பெரியவள் சின்னவளின் முழங்கையைப் பிடித்திருப்பாள். பெரியவளின் முகம் பெரிய ரோட்டைப் பார்த்திருக்கும். சின்னவளின் முகம் எதிர்க்கரைத் தெருமுனையைப் பார்த்திருக்கும். "ம்" என்பாள் ஒருத்தி. "ம்" என்பாள் மற்றவள். இரண்டு "ம்" சேர்ந்தால்தான் கால் இறங்கும்.

இது பள்ளிக்கூட நாளில் போட்ட ஒப்பந்தம். அம்மா விடியுமுன்பே சலவைக்கூடத்து வேலைக்குப் போய்விடுவாள். அப்பா என்கிற மனிதர் எப்போதோ ஒரு லாரியில் ஏறிப் போனவர், இன்னும் இறங்கவில்லை. பத்து வயது அக்கா ஆறு வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு இந்தச் சந்தியைத் தாண்ட வேண்டும். முதல் நாளே பெரியவளுக்குப் புரிந்துவிட்டது: இங்கே இரண்டு விதமான சாவு வருகிறது. ஒன்று நேரே வருகிறது. இன்னொன்று தெருமுனையில் திரும்பி வருகிறது. இரண்டையும் பார்க்க ஒரு கழுத்து போதாது. "நேரா வர்றதை நான் பாத்துக்கறேன். திரும்புறதை நீ பாத்துக்கோ. மாத்திப் பாத்தே, கொன்னுடுவேன்" என்றாள். சின்னவள் மாற்றிப் பார்க்கவே இல்லை. நாற்பது வருஷமாக.

அதனால் திரும்புகிற வண்டி விஷயத்தில் சின்னவள் ஒரு புலி. கண் சிமிட்டுகிற விளக்கை அவள் நம்ப மாட்டாள். பாதி வண்டிகளில் அது நேற்றுப் போட்டதை இன்னும் அணைக்காமல் சிமிட்டிக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் போடவே மாட்டார்கள். அவள் பார்ப்பது முன்சக்கரத்தை. விளக்கு பொய் சொன்னாலும் சக்கரம் பொய் சொல்லாது. பைக் ஓட்டுகிறவன் என்றால் தோள் ஒரு பக்கம் இறங்கும். பெரிய வண்டி என்றால் திரும்புமுன் எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். ஏமாந்தவர்கள் போய்விட்டது என்று இறங்குவார்கள், அது உள்ளே வளைத்துக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுபவனின் கழுத்து. தெருவிலிருந்து பெரிய ரோட்டில் நுழைகிறவன், ரோட்டில் இடைவெளி கிடைக்குமா என்று அந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருப்பான். இந்தப் பக்கம் கோட்டில் ஒரு உயிர் நடந்து வருவது அவன் கணக்கிலேயே இருக்காது. கிடைத்தது இடைவெளி என்று மிதிப்பான்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு நேரே வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று மட்டும் தெரியாது. அது அக்கா இலாகா.

ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் வெளியே போகமாட்டாள். சின்னவளை ஒருவர் பெண் கேட்டு வந்தார், அந்தக் கரையில் வெல்டிங் கடை வைத்திருந்தவர். பெரியவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இவ அங்க போயிட்டா நான் எப்படிங்க மார்க்கெட் போறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

இந்த நிலையில்தான் நூல்கண்டு கொண்டுவந்து போடுகிற மொத்த வியாபாரி ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். நகரத்தின் மறுகோடியில் ஒரு நாடக அரங்கு. அங்கே உடைப்பிரிவுக்கு ஆள் தேடுகிறார்கள். வெட்டவும் தெரிய வேண்டும், தைக்கவும் தெரிய வேண்டும். தங்க அறையும் உண்டு. தனக்கென்று ஒரு கதவு, அதற்கு உள்பக்கத் தாழ்ப்பாள் என்று கேட்டதும் சின்னவள் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் அவள் ஒரு நாள்கூட ஓர் அறையில் தனியாகத் தூங்கியதில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பெரியவள் குட்டித்தூக்கம் போடுவாள். அந்த நேரத்தில் சின்னவள் பழைய செய்தித்தாளை விரித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். முதலில் காகிதத்தில் கோட்டு, பிறகு சட்டை, பிறகு ராஜா போடுகிற அங்கி. வெட்டிய காகிதத்தையெல்லாம் சுருட்டிக் குப்பையில் அடியில் போட்டு அமுக்கினாள். நாலு மாதத்தில் கை திருந்திவிட்டது. மொத்த வியாபாரியிடமே மாதிரிக்கு ஒரு கோட்டு கொடுத்தனுப்பினாள். உடைப்பிரிவுத் தலைவி போனில் கூப்பிட்டுச் சொன்னாள்: "வேலை நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை பதினொரு மணிக்குள்ள இங்க இருக்கணும். கூடவே இன்னொருத்தரும் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க வரலேன்னா அவங்களை உள்ள கூப்பிட்டுடுவேன்."

திங்கள்கிழமை காலை, பெரியவள் ஒரு பேன்டின் காலைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்போது சின்னவள் சொல்லிவிட்டாள். பையை முன்பே கட்டி மெஷினுக்கு அடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, நான் ஒரு வேலைக்குப் போறேன். அங்கயே தங்கணும்."

கத்தரி நிற்கவில்லை. "எப்போ?"

"இப்போ."

"ஓ" என்றாள் பெரியவள். வெட்டிய துண்டை உதறி மடித்தாள். "போயேன். உன்னை யாரு கட்டிப் போட்டு வெச்சிருக்கா?"

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? பஸ்ஸு எதுத்தாப்புலதானே. ரோட்டைத் தாண்டினா பஸ்ஸு."

இதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று சின்னவளுக்குப் படியிறங்கும்வரை புரியவில்லை. நடைபாதை ஓரத்தில் வந்து நின்றதும் புரிந்தது. முழங்கை காலியாக இருந்தது. வெட்டப் படித்தவள், ரோட்டைக் கடக்கப் படிக்க மறந்துவிட்டாள்.

திட்டு வரைக்குமான முதல் பாதியில் திரும்புகிற வண்டியே வராது. எல்லாம் சந்தியை நோக்கி நேரே வருபவை. அதாவது அவளுக்குத் தெரிந்த வித்தைக்கு அங்கே வேலையே இல்லை. சிமென்ட் மூட்டை ஏற்றிய ஒரு தள்ளுவண்டிக்காரர் "ஏய் ஏய் ஏய்" என்று கத்திக்கொண்டு குறுக்கே இறங்கினார். அவர் முதுகை ஒட்டிக்கொண்டு, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு, சின்னவளும் இறங்கிவிட்டாள். திட்டு வந்தது. அவள் அதில் ஏறிக்கொண்டாள். தள்ளுவண்டிக்காரர் வண்டியைத் திருப்பி ரோட்டோடேயே போய்விட்டார்.

இனி இரண்டாம் பாதி. இங்கே நேரே வருவதும் உண்டு, எதிர்த்தெருவிலிருந்து திரும்பி வருவதும் உண்டு. திரும்புகிறவை அவளுக்குப் பழகிய முகங்கள். இது போகும், இது நிற்கும், இவன் கழுத்தைத் திருப்பவில்லை, இவனை விட்டுவிட வேண்டும். ஆனால் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பி நேர் ரோட்டைப் பார்த்ததும் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிட்டது. தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. தூரத்தில்தானே என்று காலை வைத்தாள். அது அதற்குள் காதருகே வந்து காற்றால் அறைந்துவிட்டுப் போனது. அடுத்து ஒரு கார், வந்துகொண்டே இருக்கிறதே என்று அவள் காத்துக் காத்து நின்றாள். அது ஓரமாக நிறுத்தி வைத்த கார். இன்னொரு முறை இரண்டடி போய், பயந்து, இரண்டடி பின்னால் வந்தாள்.

"வீட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று பைக்கில் போன ஒருவன் தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்திவிட்டுப் போனான். சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அதுதான் வினை.

யாரையாவது கையைப் பிடித்துக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பள்ளிக்கூடமும் ஆபீசும் உள்ளே போய்விட்ட நேரம்; அந்த வெயிலில் கடப்பதற்கு ஆளே இல்லை. இருந்திருந்தாலும் என்னவென்று கேட்பது? கையிலே பை, தலையிலே நரை. "தம்பி, எனக்கு ரோட்டைத் தாண்டத் தெரியாது" என்று சொல்ல நாக்கு வருமா?

திட்டு ஓர் அலமாரி படுத்திருக்கிற அகலம்தான். ஒரு முனையில் அம்புக்குறிப் பலகை, மறுமுனையில் யாரோ இடித்து வளைத்த இரும்புக் கம்பி. இரண்டு பக்கமும் வண்டிகள் எதிரெதிராக ஓடின. பின்னால் போக முடியாது, முன்னால் போக முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். எறும்புக்காவது ஒரு குச்சி மிச்சம். எதிர்த்தெருவிலிருந்து அவள் போக வேண்டிய பஸ் வந்தது, சக்கரத்தை வளைத்தது, அவள் மூக்குக்கு முன்னால் திரும்பிப் போனது. இப்படித் திரும்பும் என்று அது முனைக்கு வருமுன்பே அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

அவள் அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் பெரியவள் நின்றிருந்தாள், கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அந்த நிமிஷத்தில் அக்காவை அவள் மனசார வெறுத்தாள். எனக்கென்று இருந்த ஒரு முழுக் கழுத்தில் பாதியை இவள் வெட்டி எடுத்துக்கொண்டாளே என்று வெறுத்தாள். அழுகை வந்தது. நடுரோட்டில் அழுவதா என்று அதை விழுங்கினாள்.

ஜன்னல் காலியானது. போய்விட்டாள், வெட்டப் போய்விட்டாள் என்று நினைத்தாள். இல்லை. படியிறங்கி நடைபாதைக்கு வந்த பெரியவள், நேர் ரோட்டை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ அவளுக்காகவே நிறுத்திவைத்த மாதிரி ஓர் இடைவெளியில் நிதானமாக நடந்து திட்டுக்கு வந்து சேர்ந்தாள். முழங்கையைப் பிடித்தாள்.

"ம்" என்றாள்.

சின்னவளின் கழுத்து தானாகவே தெருமுனைப் பக்கம் திரும்பியது. ஒரு வேன் காத்திருந்தது. ஓட்டுபவன் இவர்களைப் பார்த்துவிட்டான். "ம்" என்றாள் அவளும். எட்டு வைத்தார்கள். அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரத்தில் அந்தக் கரையில் நின்றார்கள். இவ்வளவு சுலபமா இது என்று சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது.

பஸ் ஸ்டாப் முனையைத் தாண்டி, எதிர்த்தெருவில் கொஞ்சம் உள்ளே இருந்தது. அடுத்த பஸ் வந்து நின்றது. சின்னவள் ஏறப்போகும்போது பெரியவள் சொன்னாள்:

"காலர் வெட்டும்போது கழுத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் விட்டு வெட்டு. உனக்கு அது ஒண்ணுதான் சரியா வரல."

சின்னவள் திகைத்துப் பார்த்தாள். "உனக்கு எப்படி..."

"குப்பைய யாருடி கொட்டறது? நாலு மாசமா காயிதத்துல ராஜா, மந்திரின்னு கொட்டிக்கிட்டிருக்கேன்."

"தெரிஞ்சும் நீ கேக்கவே இல்லையே."

"கேட்டா நீ நிறுத்திடுவே. கேக்காட்டி போயிடுவே. எதைச் செய்யறதுன்னே எனக்குத் தெரியல. ஏறு, ஏறு, பஸ்ஸு கிளம்பப்போகுது."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சின்னவளுக்குச் சட்டென்று உறைத்தது. தலையை வெளியே நீட்டினாள். "அக்கா, நீ எப்படித் திரும்பிப் போவே?"

"நான் என்ன பச்சக்கொழந்தையா?" என்று பெரியவள் முனையை நோக்கி நடந்துகொண்டே சொன்னாள்.

பஸ் நகர்ந்து முனைக்கு வந்தது. ஓட்டுநர் பெரிய ரோட்டில் நுழைய இடைவெளி தேடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் ஓரத்தில் பெரியவள் நின்றாள். அவளும் இடைவெளி தேடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஜன்னல் வழியாக இருவர் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் ஒரே இடைவெளியைத்தான் பார்க்கிறார்கள். ஒரு லாரி போனது. பின்னால் ரோடு காலி. ஓட்டுநர் மிதித்தார். பெரியவள் இறங்கினாள். அவளுடைய ஒரு கை பக்கவாட்டில் நீண்டு, அங்கே இல்லாத ஒரு முழங்கையைப் பிடித்திருந்தது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. திருப்ப அவளுக்குத் தெரியாது.

"அக்கா!"

அந்தக் கத்தலுக்கு ஓட்டுநரின் கால்தான் முதலில் பதில் சொன்னது. நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். பஸ்ஸின் மூக்கு பெரியவளின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பெரியவள் பயப்படவில்லை. பயப்படவும் விஷயம் தெரிய வேண்டும் அல்லவா? இவ்வளவு பெரிய சுவர் எங்கிருந்து முளைத்தது என்பது போல பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஓட்டுநர் அவளை ஏசத் தொடங்கியபோது சின்னவள் பையோடு இறங்கிவிட்டிருந்தாள். அக்காவின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். பஸ் போனது. அவள் விட்ட இரண்டாவது பஸ் அது.

"ஏண்டி எறங்கினே?" என்றாள் பெரியவள். "சரி விடு. என்னை அந்தப் பக்கம் விட்டுட்டு வந்து அடுத்த பஸ்ஸப் புடி."

"விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

"நான் கூட்டிட்டு வந்து விடறேன்."

"அப்புறம் நீ எப்படிப் போவே?"

ஆடு, புலி, புல்லுக்கட்டைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடக்கிற கணக்குக்காவது ஒரு விடை உண்டு. இங்கே ஆடும் புலியும் இவர்களே, படகும் இவர்களே. யார் எந்தக் கரைக்குப் போனாலும் ஒருத்தி மாட்டிக்கொள்வாள். பெரியவள் முதலில் சிரித்தாள். சின்னவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடைபாதையில் இரண்டு கிழடு தட்டின பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து ஒரு சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். சிரிப்பு நின்றபோது இருவருக்கும் கண் நனைந்திருந்தது.

வழியைச் சின்னவள்தான் கண்டுபிடித்தாள். "நீ நட. நேர்ல வர்றதை நீ பாரு. திரும்புறதை நான் இங்கருந்து பாத்துக் கத்தறேன். நில்லுன்னா நில்லு, வான்னா... போன்னா போ."

"காது கேக்குமா?"

"கேக்கும். மெஷின் சத்தத்துலயே கேட்டிருக்கே."

அப்படித்தான் போனாள் பெரியவள். "நில்லு!" என்று சின்னவள் கத்த, ஒரு வேன் வளைந்து போனது. "போ!" என்று கத்த, பெரியவள் திட்டை அடைந்தாள். முதுகைக்கூடத் திருப்பவில்லை. மீதிப் பாதி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை நடந்து கடந்து, மருந்துக்கடை வாசலில் போய் நின்று, கையை உயர்த்திக் காட்டினாள். வந்துவிட்டேன் என்று.

ஆக, அக்கா கடைக் கரையில். தங்கை பஸ் கரையில். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மூன்றாவது பஸ் வந்து நின்றது. இதைப் பிடித்தால் பதினொன்றுக்கு முன்னால் மூச்சு வாங்க ஓடிப் போய்ச் சேரலாம்; விட்டால் அந்த இன்னொருத்திக்குத்தான் அறையும் தாழ்ப்பாளும். ஓட்டுநர் கீழே இறங்கித் தண்ணீர் வாங்கப் போனார். சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு முறை அக்காவைப் பார்க்க முனை வரை வந்தாள்.

பெரியவள் போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். பழக்கம், கண் நேர் ரோட்டிலேயே இருந்தது. ரோடு சட்டென்று காலியானது. இரண்டு பக்கமும் ஒரு வண்டி இல்லை. அப்படி ஒரு இடைவெளி நாளுக்கு ஒரு தரம் கிடைத்தாலே அதிகம். கிடைத்ததை விடலாமா? பெரியவள் கையை ஆட்டிக் கத்தினாள்.

"இப்ப வா!"

சின்னவள் திட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை. அந்தக் குரல் காலிடம் நேராகப் பேசியது, கால் கீழ்ப்படிந்தது. ஆறு வயதிலிருந்து கேட்கிற குரல் அது. "இப்ப வா" என்றால் வந்துவிட வேண்டும், ஏன் என்று கேட்டால் செத்துப்போவாய். அவள் திரும்பிப் பார்த்தாள். பஸ் இன்னும் ஸ்டாப்பில்தான் நிற்கிறது. ஓட்டுநர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டே திரும்பி வருகிறார். வண்டிகள் மறுபடியும் இரண்டு பக்கமும் ஓட ஆரம்பித்தன.

எதிரே பெரியவளின் முகம் வெளுத்துவிட்டிருந்தது. வேண்டுமென்று கூப்பிடவில்லை, அது சின்னவளுக்குத் தெரிந்தது. வேண்டுமென்று கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலை, சண்டை போட்டிருக்கலாம். பெரியவள் நேர் ரோட்டைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தாள். இந்த முறை பஸ்ஸுக்குப் போவதற்கான இடைவெளியைச் சொல்லத்தான் திறந்தாள். ஆனால் அவள் சொல்லி நான் போனால், நாளைக்கும் ஒரு திட்டில்தான் நிற்பேன் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

"கூப்பிடாதே அக்கா!" என்று கத்தினாள். "வாயத் தொறக்காதே! போன்னும் சொல்லாதே, வான்னும் சொல்லாதே!"

பெரியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் நேர் ரோட்டைப் பார்த்தாள். ஒரு டெம்போ. தூரமா, பக்கமா? தெரியவில்லை. விட்டாள். அது அருகே வர எடுத்துக்கொண்ட நேரத்தை மனசுக்குள் வாங்கிக்கொண்டாள். அடுத்து ஒரு பைக்; அதையும் விட்டாள். அது டெம்போவைவிடச் சீக்கிரம் வந்தது. ஒரு கார், இது எப்போது வந்து சேரும் என்று ஊகித்தாள், ஊகம் தப்பியது. பஸ்ஸின் எஞ்சின் முறுக்கிய சத்தம் தெருவுக்குள்ளிருந்து கேட்டது. உடம்பெல்லாம் வேர்த்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாற்பது வருஷத்தில் அந்தப் பக்கம் அவ்வளவு மௌனமாக இருந்ததே இல்லை. அது அவளைப் பயமுறுத்தியது. ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சிவிடலாம் போலக்கூட இருந்தது.

ஒரு தண்ணீர் லாரி மெதுவாக வந்துகொண்டிருந்தது. இதற்குள் போய்விடலாம். போய்விட முடியுமா? முனையைப் பார்த்தாள், சக்கரம் எதுவும் வளையவில்லை. மறுபடி லாரியைப் பார்த்தாள். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள். காலை எடுத்து வைத்தாள். நடக்க வேண்டியவள் ஓடினாள். பாதியில் செருப்பு தடுக்கியது. லாரிக்குப் பின்னாலிருந்து முந்தி வந்த ஒரு பைக்கை அவள் பார்க்கவே இல்லை, அவன்தான் வளைத்துக்கொண்டு அசிங்கமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நடைபாதைக் கல் முழங்காலில் இடித்தது. கரை.

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியவள் வாயைப் பொத்தியபடியே நின்றிருந்தாள். கண்ணையும் இறுக மூடியிருந்தாள். கண் திறந்திருந்தால் வண்டி தெரியும், வண்டி தெரிந்தால் வாய் கத்திவிடும். அதனால் இரண்டையும் மூடிக்கொண்டுவிட்டாள். தங்கை தாண்டினாளா, அடிபட்டாளா, இன்னும் திட்டில்தான் நிற்கிறாளா என்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா! வந்துட்டேன்!"

தண்ணீர் லாரி ஹாரனை அடித்துக்கொண்டே போனது. "அக்கா!" அடுத்து ஒரு பஸ், அடுத்து இரண்டு வேன். அவள் சத்தம் எதுவும் அக்காவின் கரைக்குப் போய்ச் சேரவில்லை. முனைக்கு வந்துவிட்ட பஸ்ஸின் கதவைத் திறந்துவிட்டு ஓட்டுநர் கேட்டார்: "ஏறுறீங்களா, இல்ல இங்கயே நின்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கப் போறீங்களா?"

சின்னவள் ஏறினாள். ஜன்னலோரத்துக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். பஸ் வளைந்து பெரிய ரோட்டில் திரும்பியது. ஓட்டுநர் கழுத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார். மருந்துக்கடை வாசலில், இஞ்ச் டேப் கழுத்தில் தொங்க, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி பெரியவள் சொன்ன சொல் தவறாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"கண்ணத் தொற அக்கா" என்றாள் சின்னவள், பஸ்ஸுக்குள்ளே. "தொறந்து பாரு, போயிட்டேன்."

பக்கத்து இருக்கைக்காரி அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.